அத்தியாயம் 7: பொலிசி வாவியைக் கடக்காதபோது

குறூப் பொலிசி வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு வந்ததும் பொலிசியைத் திறந்து மாற்றத் தொடங்குவது நம் அலுவலகங்களில் வழமையாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கைவிடச் செய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். உன்னிச்சைக் குளத்தின் துருசு திறந்தும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வட்டவிதானை துருசை இன்னும் உயர்த்தமாட்டார். வாய்க்காலோடு நடந்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பார். பொலிசி போகும் வழியும் நான்கு இடங்களில்தான் அடைபடும்: பெயர், நேரம், நம்பிக்கை, கோப்பு. இந்த நான்கையும் இதே வரிசையில் சோதித்துவிட்டுப் பொலிசியிடம் வந்தால், அனேகமாக அதைத் தொட வேண்டிய தேவையே இருக்காது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் புளியந்தீவில். எழுவான்கரையில் களுவாஞ்சிகுடியில் ஒரு கிளை, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையில் ஒரு கிளை, வடக்கே வாகரையில் ஒரு கிளை. எல்லாமாக நாற்பது கணினிகள். டொமைன் கன்ட்ரோலர் இரண்டு: ஒன்று புளியந்தீவில், மற்றது களுவாஞ்சிகுடியில், அங்கே பூட்டி வைக்க ஓர் அறை இருப்பதால். கொக்கட்டிச்சோலைக்கும் வாகரைக்கும் சொந்தமாக டொமைன் கன்ட்ரோலர் இல்லை. அங்கே வைக்கவும் வேண்டாம். நாலைந்து கணினி உள்ள கிளையில், எவரும் எழுந்து போய்த் தொடக்கூடிய மேசைக்குக் கீழே டொமைனின் அத்தனை கடவுச்சொற்களையும் தாங்கிய சேர்வரை வைப்பது ஆபத்து.

56 கிலோமீற்றர் நீளமான வாவியின் எழுவான்கரை, படுவான்கரை என்ற இரு கரைகளிலும் அலுவலகம் நடத்துவது எளிதான காரியமாக இருந்ததில்லை. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைக்குப் போக வேண்டுமென்றால் பாதை எனப்படும் படகில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் வலையிறவால் சுற்ற வேண்டும். பாலம் வந்தபிறகும் மாரி வெள்ளத்தில் படுவான்கரை வீதிகள் மூடப்படுகின்றன. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாத இடங்கள் இவை. மத்தியில் இருந்து ஆளும் பொலிசியின் பெறுமதி இங்கேதான் தெரியும். அது வழியில் நின்றுவிட்டால் வரும் கஷ்டமும் இங்கேதான் அதிகம்.

அமைப்பு எப்படி இருக்க வேண்டும்

வின்டோஸ் 2000 உடன் வந்த குறூப் பொலிசியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கணினிக்கு ஒரு பாதி, பயனருக்கு ஒரு பாதி என்று இரு பகுதிகளாக விதிகளை எழுதி, அந்தத் தொகுப்பை டொமைனிலோ சைட்டிலோ ஓயூவிலோ இணைக்கிறோம். கணினி முதலில் தன்னுள்ளே இருக்கும் உள்ளூர்ப் பொலிசியைப் படிக்கும். பிறகு சைட், அதன்பின் டொமைன், கடைசியாக ஓயூ. இரண்டு விதிகள் முரண்பட்டால் கடைசியில் படித்தது நிற்கும். ஓயூவுக்குள் ஓயூ இருந்தால் உள்ளே இருப்பதுதான் கடைசி.

இந்த வரிசையைக் குழப்பும் விசைகள் இரண்டு. மேலிருந்து வருவதைத் தடுக்கும் 'புளொக் இன்ஹெரிட்டன்ஸ்' ஒன்று, எந்தத் தடையையும் மீறிப் போகும் 'என்போர்ஸ்ட்' மற்றது. இரண்டையும் தாராளமாகப் போட்டிருக்கும் டொமைனில் எந்த விதி எங்கிருந்து வருகிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். நாற்பது கணினிகளுக்குப் 'புளொக்' ஒரு தடவைகூடத் தேவைப்படாது என்பது என் கருத்து. தேவைப்படுகிறது என்று தோன்றினால் ஓயூக்கள் பிழையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

ஓயூவை உத்தியோகத்தரின் பதவியை வைத்துப் பிரிக்காதீர்கள். வருடாந்த இடமாற்றம் வரும், ஆட்கள் மாறுவார்கள். கணினி அதே மேசையில் இருக்கும். ஆகவே கணினிகளை அவை செய்யும் வேலையை வைத்துப் பிரியுங்கள்: பொதுமக்கள் கவுண்டரில் இருப்பவை, கணக்குக் கிளையில் இருப்பவை, மடிக்கணினிகள். கவுண்டர்க் கணினியில் யார் வந்து இருந்தாலும் ஒரே கட்டுப்பாடு வேண்டுமென்றால் 'லூப்பேக்' என்ற அமைப்பு உதவும். பயனர் எந்த ஓயூவில் இருந்தாலும் அது கணினியின் ஓயூவில் உள்ள பயனர் விதிகளைக் கொடுக்கும். 'மேர்ஜ்' என்று வைத்தால் இரண்டும் சேரும், 'ரிபிளேஸ்' என்று வைத்தால் கணினியினது மட்டும் நிற்கும். கவுண்டருக்கு 'ரிபிளேஸ்' பொருந்தும். லூப்பேக்கை வேறெங்கும் போட வேண்டாம்.

கடவுச்சொல் விதி பற்றி ஒரு எச்சரிக்கை. எட்டு எழுத்து, பன்னிரண்டு எழுத்து என்று கடவுச்சொல் நீளத்தை ஒரு ஓயூவில் இணைத்த பொலிசியில் எழுதிவிட்டு, ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்கள் பலர். டொமைன் கணக்குகளுக்கான கடவுச்சொல் விதி டொமைன் மட்டத்தில் இணைத்தால் மட்டுமே செல்லும். ஓயூவில் எழுதினால் அந்த ஓயூவில் உள்ள கணினிகளின் உள்ளூர்க் கணக்குகளைத்தான் அது கட்டுப்படுத்தும். ஒரு குழுவுக்கு மட்டும் கடுமையான விதி வேண்டுமென்றால் வின்டோஸ் சேர்வர் 2008 இலிருந்து அதற்கென்றே தனி வசதி இருக்கிறது. அது பொலிசிக்கு வெளியே, அக்டிவ் டிரெக்டரியில் நேரடியாக அமைக்கப்படுவது.

கிளைகளின் ஐபி எல்லைகளை 'சைட்ஸ் அன்ட் சேர்விசஸ்' பகுதியில் பதிந்துவையுங்கள். பதியாவிட்டால் கொக்கட்டிச்சோலைக் கணினி எந்த டொமைன் கன்ட்ரோலரிடம் போகும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

கணினி வாங்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் பல வின்டோஸ் ஹோம் பதிப்போடு வருகின்றன. ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது. கேள்விப்பத்திரத்திலேயே 'புரோ' என்று எழுதிவிடுங்கள்.

தொலைபேசியில் தொடங்கும் விசாரணை

கிளையிலிருந்து வரும் அழைப்பு இப்படித்தான் இருக்கும்.

"சேர், காலையில இருந்து பிரிண்டர் காட்டுதில்ல. எஸ் டிரைவும் இல்ல."

"உங்களுக்கு மட்டுமா மிஸ், பக்கத்து மேசையிலயும் இல்லையா?"

"பக்கத்து மேசையில இருக்கு சேர்."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ஒரு கணினிக்கு மட்டுமா, ஒரு பயனருக்கு மட்டுமா, ஒரு கிளை முழுவதற்குமா, எல்லோருக்குமா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதே பயனர் பக்கத்துக் கணினியில் உள்நுழைந்தால் வருகிறதா என்று அடுத்துக் கேளுங்கள். வந்தால் பயனர் சரி, கணினியைப் பாருங்கள். அங்கும் வராவிட்டால் பயனரின் குழுவையும் ஓயூவையும் பாருங்கள். கிளை முழுவதும் இல்லையென்றால் வலையமைப்பு. எல்லோருக்கும் இல்லையென்றால் மட்டுமே பொலிசியைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது, அதுவும் நேற்று யாராவது அதை மாற்றியிருந்தால்.

மாற்றம் செய்து எவ்வளவு நேரமானது என்பதையும் கணக்கில் எடுங்கள். சாதாரணக் கணினி 90 நிமிடத்துக்கு ஒரு தடவை பொலிசியைப் புதுப்பிக்கும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சேர்வரை மொய்க்காமல் இருக்க அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை கூட்டிக்கொள்ளும். டொமைன் கன்ட்ரோலர்கள் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. மென்பொருள் நிறுவுவது, கோப்புறைகளைச் சேர்வருக்குத் திருப்புவது போன்றவை இடைநடுவில் நடப்பதில்லை. அவற்றுக்குக் கணினியை மீளத் தொடக்க வேண்டும், அல்லது வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். சில நேரம் ஒரு தடவை போதாது, இரண்டு தடவை வேண்டும். வலையமைப்பு எழும்பும்வரை காத்திராமல் திரையைக் காட்டிவிடும் பழக்கம் வின்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இருப்பதே காரணம். 'ஓல்வேஸ் வெயிட் ஃபோர் த நெட்வேர்க்' என்ற அமைப்பை அலுவலகத்தின் மேசைக் கணினிகளுக்கு இயக்கிவிடுங்கள். காலையில் அரை நிமிடம் கூடுதலாகப் போனாலும் இரட்டை மீள்தொடக்கம் என்ற குழப்பம் தீரும்.

பிறகு ஜிபி-ரிசல்ட். அவசரத்துக்கு எல்லோரும் ஓட்டுவது ஜிபி-அப்டேட் ஃபோர்ஸ். அது மருந்தும் ஆகாது, பரிசோதனையும் ஆகாது; எல்லாவற்றையும் மீண்டும் இறக்கச் சொல்லும், அவ்வளவுதான். ஜிபி-ரிசல்ட் கட்டளையோடு ஸ்லாஷ் எச் சேர்த்துக் கோப்புப் பெயர் ஒன்று கொடுத்தால், உலாவியில் திறக்கக்கூடிய முழு அறிக்கை வரும். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால்தான் கணினிப் பாதியும் அதில் இருக்கும். எந்தப் பொலிசி ஏற்றுக்கொள்ளப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்று அறிக்கையே சொல்லும். பட்டியலில் உங்கள் பொலிசியின் பெயரே இல்லையென்றால் இணைப்பு பிழையான ஓயூவில் இருக்கிறது. தள்ளப்பட்ட பட்டியலில் இருந்தால் அனுமதிப் பிரச்சினை அல்லது டபிள்யூஎம்ஐ வடிகட்டி. ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருந்தும் நடக்கவில்லையென்றால் அதே விதியை வேறொரு பொலிசி பின்னால் வந்து மாற்றியிருக்கிறது. எது வென்றது என்பதையும் அறிக்கை காட்டும்.

அறிக்கையே வராமல் பிழை காட்டினால் வாய்க்காலோடு நடக்கத் தொடங்குங்கள்.

பெயர், நேரம், நம்பிக்கை, கோப்பு

பெயர் முதலில். கணினி டொமைன் கன்ட்ரோலரைத் தேடுவது டிஎன்எஸ் மூலம். டிஎன்எஸ் முகவரியாக டொமைன் கன்ட்ரோலரின் முகவரிதான் இருக்க வேண்டும். சிறிய கிளைகளில் இணையம் தரும் நிறுவனத்தின் ரூட்டரே முகவரிகளையும் பகிர்கிறது. அது தன்னையே டிஎன்எஸ் என்று சொல்லிக்கொள்ளும். இணையம் அழகாக வேலை செய்யும், டொமைன் மட்டும் கிடைக்காது. அதனால்தான் "நெட் இருக்குதே சேர்" என்ற பதிலை நம்பி மேலே போகக்கூடாது. முதலாவது இடத்தில் நம் சேர்வரையும் இரண்டாவது இடத்தில் 8.8.8.8 ஐயும் போடுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவது ஒரு கணம் பதில் தராவிட்டால் கணினி இரண்டாவதிடம் போய் அங்கேயே சிறிது நேரம் தங்கும். நம் டொமைனின் பெயர் கூகுளுக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் நம் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களையே போடுங்கள். வெளிப் பெயர்களை அவை கேட்டுத் தரும். நிகழ்வுப் பதிவில் 1054 என்ற எண்ணைக் கண்டால் பெரும்பாலும் இதுதான் விஷயம். 1129 என்றால் தொடங்கும் நேரத்தில் டொமைன் கன்ட்ரோலருடன் தொடர்பே கிடைக்கவில்லை. வயரையும் சுவிட்சையும் பாருங்கள். உப்புக்காற்று படும் கட்டடங்களில் பச்சை பிடித்த ஜாக்குகள் உண்டு.

நேரம் அடுத்தது. கணினியின் கடிகாரமும் டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கெர்பரோஸ் அடையாளச் சரிபார்ப்பு மறுக்கும். மறுத்தால் பொலிசியும் இல்லை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பிடப்படுவது திரையில் தெரியும் நேரமல்ல, உலகப் பொது நேரம். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை முன்தள்ளி +6:30 ஆக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் +6:00 ஆனது. 2006 ஏப்ரலில் மீண்டும் +5:30. வின்டோஸில் இலங்கைக்கான நேர வலயத்தை விட்டு +6:00 வலயம் ஒன்றைத் தெரிவுசெய்திருக்கும் கணினியில், ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கையால் திருத்தினால் திரையில் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே அரை மணி நேரம் பிசகியிருக்கும். வலயம் +6:00 இல் நிற்கும் கணினியை இப்படித் திருத்துபவர், சரியாகத் தோன்றும் கடிகாரத்தோடு டொமைனிலிருந்து வெளியே தள்ளப்படுவார். ஆகவே தொலைபேசியில் "நேரம் சரியா?" என்று கேட்பது போதாது. வலயம் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று காட்டுகிறதா என்று கேளுங்கள்.

மத்தியில் செய்ய வேண்டியது எளிது. பிடிசி எமுலேட்டர் பொறுப்பை வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் மட்டும் வெளியே உள்ள நேரச் சேர்வரிடம் கேட்க வேண்டும். மற்ற எல்லாமே டொமைன் வரிசையில் அதனிடம் கேட்கும். அந்த டொமைன் கன்ட்ரோலர் மெய்நிகர் கணினியாக இருந்தால், அதைத் தாங்கும் இயந்திரத்திலிருந்து நேரம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எஜமானர்களுக்கு இடையில் கடிகாரம் அலையும்.

நம்பிக்கை மூன்றாவது. ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் உண்டு. 30 நாளுக்கு ஒரு தடவை கணினி தானாகவே அதை மாற்றும். இரண்டு மாதம் அணைத்து வைத்த கணினி இதனால் டொமைனை இழந்துவிடும் என்று சொல்லப்படுவது தவறு. மாற்றுவது கணினிதான், ஆகவே அது தூங்கினால் கடவுச்சொல்லும் மாறாமல் இருக்கும். பழைய வட்டுப் பிரதியை மீட்டுப் போடுவதும், ஒரே பெயரில் இரண்டு கணினிகள் இருப்பதும்தான் நம்பிக்கையை உடைப்பவை. டொமைனிலிருந்து விலக்கி மீண்டும் சேர்க்கும் நீண்ட வழி தேவையில்லை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-கொம்பியூட்டர்-செக்கியூர்-சனல் கட்டளையை ரிப்பேர் சேர்த்து இயக்கினால் போதும். அதற்கு அந்தக் கணினியின் உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் வேண்டும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோப்பு கடைசி. பொலிசி ஒன்றுக்கு இரண்டு உடல்கள் உண்டு. ஒன்று அக்டிவ் டிரெக்டரிக்குள் பதிவாக இருக்கிறது. மற்றது சிஸ்வொல் என்ற பகிர்வுக் கோப்புறையில் கோப்புகளாக இருக்கிறது. இரண்டும் ஒரு டொமைன் கன்ட்ரோலரிலிருந்து மற்றதற்குப் போவது வெவ்வேறு வழிகளில். பாதிக்கப்பட்ட கணினியில் டொமைனின் பெயரைக் கொண்டு சிஸ்வொல்லைத் திறந்து, பொலிசீஸ் கோப்புறையில் உங்கள் பொலிசிக்குரிய நீண்ட எண்ணுள்ள கோப்புறைக்குள் போய், ஜிபிடி டொட் ஐஎன்ஐ கோப்பைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். சேர்வரின் பெயரைக் கொண்டு திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. கணினி போகும் வழியிலேயே நீங்களும் போக வேண்டும். திறக்க முடியாவிட்டால் நிகழ்வுப் பதிவில் 1058 இருக்கும். புளியந்தீவில் இருக்கும் கோப்புறை களுவாஞ்சிகுடியில் இல்லையென்றால் பிரதியாக்கம் நின்றுவிட்டது.

இந்த நான்கும் சரியாக இருந்து, ஒரு பொலிசி மட்டும் அனுமதி இல்லை என்று தள்ளப்பட்டால் 2016 ஜூனில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். அந்த மாதம் மைக்ரோசொப்ட் வெளியிட்ட எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பயனருக்கான பொலிசியையும் கணினி தன் பெயரால்தான் படிக்கிறது. வடிகட்டிப் பட்டியலிலிருந்து 'ஓதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவை எடுத்துவிட்டு, கணக்குக் கிளைக் குழுவை மட்டும் போட்டால் கணினிக்கு அந்தப் பொலிசியைப் படிக்கவே உரிமை இருக்காது. 'டெலிகேஷன்' பகுதியில் 'டொமைன் கொம்பியூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள், செயற்படுத்தும் உரிமை வேண்டாம். பல ஆண்டுகள் ஆகியும் இந்தப் பிழை இன்னும் புதிதாகச் செய்யப்படுகிறது.

மின்வெட்டும் மெதுவான இணைப்பும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. சேர்வர் திடீரென அணையும்போது சிஸ்வொல்லைப் பிரதியாக்கும் டிஎஃப்எஸ் சேவையின் தரவுத்தளம் ஒழுங்காக மூடப்படுவதில்லை. மின்சாரம் வந்து சேர்வர் எழும்பும், எல்லாம் பச்சையாகத் தெரியும். பிரதியாக்கம் மட்டும் நின்றிருக்கலாம். டிஎஃப்எஸ் பதிவில் 2213 என்ற நிகழ்வு அதைச் சொல்லும். மீண்டும் தொடங்குவதற்கான கட்டளை அந்தச் செய்திக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். காப்புப் பிரதி எடுத்துவிட்டு அதை இயக்கினால் போதும். கவனிக்காமல் விட்டால் 60 நாளுக்குப் பிறகு 4012 வரும். அந்த நிலையில் அந்தச் சேர்வர் தன்னிடம் இருப்பது பழைய சரக்கு என்று தானே முடிவுசெய்து ஒதுங்கிவிடும், மீட்பது நீண்ட வேலை. ஆகவே ஒவ்வொரு பெரிய மின்வெட்டுக்குப் பிறகும் இரண்டு சேர்வர்களிலும் இந்தப் பதிவைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

யூபிஎஸ் வாங்கும் அலுவலகங்கள் பல, அதன் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் செருகுவதில்லை. அந்த வயரும் அதற்குரிய மென்பொருளும் இருந்தால்தான் பற்றரி தீருமுன் சேர்வர் தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் யூபிஎஸ் செய்வது விபத்தைப் பத்து நிமிடம் பிற்போடுவது மட்டுமே.

மாரியில் ஒளிநார் அறுந்து 4ஜி டொங்கிளுக்கு மாறும் நாட்களில் வேறொரு நடத்தையைப் பார்ப்பீர்கள். இணைப்பு வினாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே போனால் வின்டோஸ் அதை மெதுவான இணைப்பு என்று கொள்ளும். பாதுகாப்பு விதிகளும் நிர்வாக வார்ப்புரு விதிகளும் அப்போதும் போகும். மென்பொருள் நிறுவல், கோப்புறைத் திருப்பம், ஸ்கிரிப்ட் ஆகியவை போகாது. வாகரையில் மற்றதெல்லாம் வந்து, ஸ்கிரிப்ட் வழியாக வரும் டிரைவ் மட்டும் வராததன் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த 500 கிலோபிட் எல்லையைக் குறைக்க வேண்டாம். ஸ்கிரிப்டை விட்டு, குறூப் பொலிசியின் 'பிரிஃபரன்சஸ்' பகுதி வழியாக டிரைவ் கொடுங்கள்.

இணைப்பு முற்றாக அறுந்தாலும் பயப்படத் தேவையில்லை. ஏற்கனவே வந்து சேர்ந்த விதிகள் கணினியில் அப்படியே இருக்கும். வின்டோஸ் கடைசியாக உள்நுழைந்த 10 பேரின் சரிபார்ப்பை இயல்பாகவே சேமித்து வைத்திருப்பதால் வழமையான உத்தியோகத்தர்கள் வேலையைத் தொடரலாம். புதிதாக மாற்றலாகி வந்தவர் மட்டும் மாட்டிக்கொள்வார். அவரை இணைப்பு இருக்கும்போதே ஒரு தடவை அந்தக் கணினியில் உள்நுழைய வையுங்கள்.

எதை மத்தியில் வைப்பது

குறைவாக வையுங்கள். ஆயிரக்கணக்கான அமைப்புகள் கைக்குக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றைப் பூட்டிக்கொண்டே போனால் ஊழியர்கள் சுற்றுவழி தேடுவார்கள். யூஎஸ்பியை முற்றாகத் தடுத்த அலுவலகத்தில் ஆவணங்கள் தனிப்பட்ட வட்ஸ்அப் வழியாக வெளியே போகும். அது யூஎஸ்பியைவிட மோசம். முதலில் கிளைகளுக்கு இடையே நம்பகமான பகிர்வுக் கோப்புறை ஒன்றைக் கொடுங்கள். பிறகு யூஎஸ்பியில் எழுதுவதைத் தடுங்கள்.

தவறாமல் வைக்க வேண்டியவை: திரைப்பூட்டு, இற்றைப்படுத்தல், தீச்சுவர், உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல். கடைசியானதற்கு 2023 ஏப்ரலிலிருந்து வின்டோஸிலேயே உள்ள லாப்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அது உருவாக்கி, மாற்றி, டொமைனில் பூட்டி வைக்கும். முன்பு பலர் 'பிரிஃபரன்சஸ்' வழியாக ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினார்கள். அதை மறைத்த திறவுகோல் பகிரங்கமானது என்பதால் 2014 மேயில் மைக்ரோசொப்ட் அந்த வழியை மூடியது. ஆனால் ஏற்கனவே எழுதிய கோப்புகள் அழியவில்லை. உங்கள் சிஸ்வொல்லில் சி-பாஸ்வேர்ட் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்தப் பொலிசியை நீக்கி, அந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் மத்தியில் வைக்க மிகவும் தகுதியானவை. பழைய கோப்புகள் பாமினியில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கணினிப் பாதியில் எழுத்துருக் கோப்பைப் பிரதிசெய்து ரெஜிஸ்ட்ரியில் பதிவதும், பயனர்ப் பாதியில் யுனிக்கோட் தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பதும் 'பிரிஃபரன்சஸ்' வழியாக முடியும். சிங்களமும் அதே வழியில். கவுண்டருக்கு வரும் முதியவரின் பெயரை அவருடைய மொழியில் பிழையில்லாமல் எழுத முடிவது ஒரு அலுவலகத்தின் கடமை, அதற்குப் பொலிசி உதவுமானால் இதைவிட நல்ல உபயோகம் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 'பிரிஃபரன்சஸ்' வழியாகப் போட்டவை பொலிசியை நீக்கிய பிறகும் கணினியில் ஒட்டியே நிற்கும். நீக்கும்போது நீங்கவும் வேண்டுமென்றால் அதற்குரிய குறியை முதலிலேயே இட வேண்டும்.

டொமைனோடு பிறக்கும் இரண்டு இயல்புப் பொலிசிகளில் கடவுச்சொல், கணக்குப் பூட்டு விதிகளைத் தவிர எதையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு புதிய பொலிசிக்கும் அதன் குறிப்புப் பகுதியில் யார், எப்போது, யாருடைய கோரிக்கையில், ஏன் என்று நான்கு வரி எழுதுங்கள். இடமாற்றத்தில் நீங்கள் அம்பாறைக்கோ திருகோணமலைக்கோ போன பிறகு அந்த நான்கு வரிதான் உங்கள் இடத்துக்கு வருபவருக்குத் துணை. புதிய விதியை முதலில் இரண்டு கணினிகள் உள்ள சோதனை ஓயூவில் போடுங்கள், வாவியின் ஒவ்வொரு கரையிலும் ஒன்று. புளியந்தீவில் மட்டும் சோதித்தது படுவான்கரையில் செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அந்தக் கணினிகளுக்குத் தனி ஓயூ வைத்து, மாற்றும்வரை கடுமையான விதிகளைக் கொடுங்கள்.

காப்புப் பிரதி

மத்தியில் குவித்தது மத்தியிலேயே அழியவும் கூடும். 2023 ஓகஸ்ட்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் இருந்த தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் காப்புப் பிரதியும் அதே தாக்குதலில் பூட்டப்பட்டது. கொழும்பில் நடந்தது நாற்பது கணினி அலுவலகத்திலும் நடக்கலாம்.

பொலிசி முகாமைத்துவத் திரையில் எல்லாப் பொலிசிகளையும் ஒரே சொடுக்கில் காப்பெடுக்கலாம். ஆனால் அந்தப் பிரதியில் எந்த ஓயூவில் எது இணைக்கப்பட்டது என்பதும் டபிள்யூஎம்ஐ வடிகட்டிகளும் மீளப் போடக்கூடியவையாக இருக்காது. அவற்றை அறிக்கையாக அச்சிட்டுக் கோவையில் வையுங்கள். அத்தோடு டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட் பிரதியை வெளிவட்டில் எடுத்து, வட்டைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒரு பொலிசியையாவது மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்ப வேண்டாம்.

இவற்றை மழை தொடங்குமுன், செப்டெம்பருக்குள் முடித்துவிடுங்கள். கொக்கட்டிச்சோலைக்கும் வாகரைக்கும் நேரில் போங்கள். டிஎன்எஸ் முகவரியையும் நேர வலயத்தையும் கண்ணால் பாருங்கள். அங்கே வேலை செய்யும் ஒருவருக்கு ஜிபி-ரிசல்ட் அறிக்கை எடுத்து அனுப்பும் முறையைப் பழக்கிவிட்டு வாருங்கள். வீதி மூடிய பிறகு அதைத் தொலைபேசியில் பழக்க முடியாது.